நூறு ஃபில்டர் போட்டும் குப்பை மெயில் குறையாதது ஏன்?

கேள்வி இதுதான்: "சிறிய அச்சகம் நடத்துகிறேன். எனக்கென்று ஒரு ஜிமெயில், அச்சகத்துக்கு எங்கள் டொமைனில் ஒரு மெயில் (ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்தில்). வேண்டாத மெயில் வரும்போதெல்லாம் அந்த அனுப்புநர் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டு டிலீட் ஆகும்படி செய்துவிடுகிறேன். 'ஆஃபர்', 'லோன்', 'வின்னர்' மாதிரி சொற்களுக்கும் போட்டிருக்கிறேன். நூறைத் தாண்டிவிட்டது, குப்பை மட்டும் குறையவில்லை. போன மாதம் ஒரு பேப்பர் வியாபாரி அனுப்பிய விலைப்பட்டியல், தலைப்பில் 'பெஸ்ட் ஆஃபர்' என்று இருந்ததால் டிராஷுக்குப் போய்விட்டது. ஃபில்டரை எப்படித்தான் எழுத வேண்டும்?"

அந்த நூறில் தொண்ணூறை நாளைக்கே அழித்துவிடலாம். அவை பெரும்பாலும் எதையும் பிடிப்பதில்லை. பிடித்தால் அந்தப் பேப்பர் வியாபாரி மாதிரி ஆளைப் பிடிக்கின்றன. ஃபில்டரால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை வேறு. நமக்குத் தெரிந்தவர்களிடமிருந்தும், நாமே எப்போதோ முகவரி கொடுத்த இடங்களிலிருந்தும் வருகிற மெயிலைப் பிரித்து அடுக்குவதில் அது கில்லாடி. முன்பின் தெரியாதவன் அனுப்பும் குப்பையைக் கண்டுபிடிப்பது ஸ்பேம் வடிகட்டியின் வேலை. இரண்டாவது வேலையை முதல் கருவியிடம் கொடுத்ததுதான் உங்கள் சிக்கல்.

அனுப்புநர் முகவரியைத் தடுப்பதால் ஏன் பயனில்லை என்று பார்த்துவிடுவோம். மெயிலைத் திறந்ததும் 'ஃப்ரம்' என்று ஒரு பெயர் தெரிகிறதே, அது அனுப்புகிறவர் தானே எழுதிக்கொள்வது. சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் முறையான எஸ்எம்டிபி நெறிமுறை 1982-ல் எழுதப்பட்ட காலத்திலிருந்தே ஒரு மெயிலுக்கு இரண்டு அனுப்புநர்கள் உண்டு. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் மெயிலைக் கொடுக்கும்போது சொல்வது ஒன்று. மெயிலின் தலைப்பகுதியில் எழுதியிருப்பது இன்னொன்று. தபால் உறையின் மேல் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தில் வேறொரு பெயரும் இருந்தால் தபால்காரர் கேட்கப்போவதில்லை. அதே கதைதான் இங்கும். நம் கண்ணுக்குக் காட்டப்படுவது உள்ளே எழுதிய பெயர். ஸ்பேம் அனுப்புகிறவன் அதை ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறான். அவன் கையால் மாற்றுவதுகூட இல்லை, நிரல் மாற்றிக்கொடுக்கிறது. நேற்று வந்த முகவரியிலிருந்து இனிமேல் ஒரு மெயிலும் வரப்போவதில்லை, உங்கள் ஃபில்டர் மட்டும் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

சொல்லை வைத்துத் தடுப்பது இதைவிட மோசம், ஏனென்றால் அது வேலை செய்கிற மாதிரியே தோன்றும். பால் கிரஹாம் என்ற நிரலாளர் 2002-ல் இதைப் பற்றி எழுதினார். ஸ்பேமின் தனித்தனி அடையாளங்களைத் தேடும் நிரலை எழுதிக்கொண்டே ஆறு மாதம் போல ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் புள்ளியியல் பக்கம் வந்திருக்கிறார். ஸ்பேம் ஒரு குவியல், நல்ல மெயில் ஒரு குவியல். ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அதை வைத்துப் புது மெயிலுக்கு ஒரு நிகழ்தகவு போடுவது. அப்படி எண்ணியதில் ஸ்பேமுக்கு வலுவான அடையாளமாக வந்தவற்றில் ஒன்று 'எஃப்எஃப்0000'. வலைப்பக்க நிறக் குறியீட்டில் அது பளிச்சென்ற சிவப்பு! உட்கார்ந்து யோசித்து இப்படி ஒரு விதியை யாரும் எழுத மாட்டோம்.

இதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் இன்னொன்று. அந்த முறை நல்ல மெயிலில் வரும் சொற்களையும் சேர்த்தே எண்ணுகிறது. உங்கள் 'ஆஃபர்' ஃபில்டர் பார்த்தது ஒரே ஒரு சொல்லை. அந்த விலைப்பட்டியலில் ஜிஎஸ்எம், ரீம், மேப்லித்தோ, ஆர்ட் பேப்பர் என்று உங்கள் தொழிலில் மட்டும் புழங்குகிற சொற்கள் கொட்டிக் கிடந்திருக்கும். 'லோன்' ஸ்பேமில் மேப்லித்தோ வராது. எண்ணிப் பார்க்கும் வடிகட்டிக்கு இது தெரியும். ஒற்றைச் சொல்லைத் தேடும் ஃபில்டருக்குத் தெரியவே தெரியாது.

எனவே முன்பின் தெரியாதவனிடமிருந்து வருகிற குப்பைக்கு ஃபில்டர் எழுதாதீர்கள். உள்ளே எந்தச் சுட்டியையும் தொடாமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' மட்டும் அழுத்துங்கள். அதோடு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்பேம் பெட்டியைத் திறந்து, தவறி விழுந்த நல்ல மெயிலுக்கு 'நாட் ஸ்பேம்' கொடுங்கள். முதலாவதை எல்லோரும் செய்கிறார்கள், இரண்டாவதை யாரும் செய்வதில்லை. ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டியில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும், அதனால் மாதக்கணக்கில் விட்டுவைக்க முடியாது.

நீங்களே பெயர் கொடுத்து வருகிற மெயில் தனி ரகம். செருப்பு வாங்கிய கடை, ஒரு தடவை பஸ் டிக்கெட் போட்ட தளம், மியூச்சுவல் ஃபண்ட், வேலைவாய்ப்புத் தளம். இவை ஸ்பேம் இல்லை, தொல்லை. இவற்றுக்கு முதல் மருந்து அன்சப்ஸ்கிரைப். 'அதை அழுத்தினால் இன்னும் அதிகமாக வரும்' என்று ஒரு பயம் பலருக்கு உண்டு. யாரென்றே தெரியாத ஸ்பேம் விஷயத்தில் அந்தப் பயம் நியாயம்தான். தெரிந்த நிறுவனங்கள் விஷயத்தில் நிலைமை மாறிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் தங்கள் விளம்பர மெயிலில் ஒரே அழுத்தில் விலகும் வசதியைத் தர வேண்டும், கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும் என்று கூகுள் விதி போட்டது. யாஹூவும் அதே சமயத்தில் அதே மாதிரி விதியைக் கொண்டுவந்தது. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் 'அன்சப்ஸ்கிரைப்' அந்த வசதியைத்தான் பயன்படுத்துகிறது. மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் சுட்டியைத் தேடாமல் மேலே இருப்பதையே அழுத்துங்கள்.

அப்புறமும் மிஞ்சுவதற்குத்தான் ஃபில்டர். முழுதாக விலகவும் மனமில்லை, இன்பாக்ஸில் வந்து நிற்கவும் வேண்டாம் என்கிற மெயில்.

இதற்கு ஃபில்டர் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஜிமெயிலில் ஏதாவது ஒரு கடையின் விளம்பர மெயிலைத் திறந்து, வலப்பக்கம் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். (மொபைல் செயலியில் கிடைக்காது, கம்ப்யூட்டரில் பாருங்கள்.) மேலே ஒரு சின்ன அட்டவணை, அதில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி (மெயில் சொல்லிக்கொள்ளும் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள்), பக்கத்தில் 'பாஸ்' என்றோ 'ஃபெயில்' என்றோ இருக்கும். அதற்குக் கீழே மெயிலின் முழு ஹெட்டர், அதாவது தலைப்பகுதி. பார்க்க மிரட்டும், ஆனால் நமக்கு வேண்டியது நான்கைந்து வரிதான்.

'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிக்கொண்டே வரும், அதனால் உங்கள் பெட்டிக்குக் கடைசியாகக் கொண்டுவந்து சேர்த்தவர் மேலே இருப்பார். உங்கள் சர்வர் ஒட்டியதை மட்டும் நம்பலாம். கீழே இருப்பதை அனுப்புகிறவன் முன்கூட்டியே போலியாகச் சேர்த்திருக்க முடியும். 'ரிட்டர்ன்-பாத்' என்ற வரியில் முன்பு சொன்ன உறையின் மேல் பெயர் இருக்கும். பெரும்பாலும் 'பவுன்ஸ்' என்று தொடங்கி எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரமாகப் போகும், மெயிலுக்கு மெயில் மாறும். இதை வைத்து ஃபில்டர் எழுதினால் ஒரு மெயிலோடு ஆயுள் முடிந்தது. 'ஃப்ரம்' வரி பார்க்க நிலையாகத் தெரியும். தீபாவளித் தள்ளுபடிக்கு ஒரு பெயர், ஆண்டு இறுதி விற்பனைக்கு இன்னொரு பெயர் என்று அதுவும் மாறிக்கொண்டே போகும்.

இன்னும் கொஞ்சம் கீழே போனால் 'லிஸ்ட்-ஐடி' என்று ஒரு வரி கண்ணில் படலாம். அதுதான் தங்கம். மொத்தமாக மெயில் அனுப்பும் மென்பொருள் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு நிலையான அடையாளத்தை இந்த வரியில் போடும். 2001-லேயே இதற்குத் தரம் வகுத்துவிட்டார்கள். அனுப்புநர் பெயர் மாறினாலும் தலைப்பு மாறினாலும் பட்டியல் அதுவாகவே இருக்கும்வரை இந்த அடையாளம் மாறாது. ஜிமெயிலில் தேடல் பெட்டியில் லிஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, அந்த அடையாளத்தை ஒட்டினால் அந்தப் பட்டியலின் மெயில் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். அந்தத் தேடலையே ஃபில்டராக மாற்றிக்கொள்ளலாம். குறுக்குவழியும் உண்டு: மூன்று புள்ளி மெனுவில் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் திஸ்' கொடுத்தால், லிஸ்ட்-ஐடி இருக்கும் மெயிலில் ஜிமெயிலே அதை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

பேங்க் மெயிலில் இதன் அருமை நன்றாகத் தெரியும். ஒரே பேங்க் ஓடிபியை ஒரு முகவரியிலிருந்தும், மாத ஸ்டேட்மென்டை இன்னொன்றிலிருந்தும், 'உங்களுக்காகவே பர்சனல் லோன்' என்பதை மூன்றாவதிலிருந்தும் அனுப்பும். எரிச்சலில் பேங்கின் டொமைனையே தடுத்தால் ஓடிபியும் போய்விடும். லோன் விளம்பரத்தின் லிஸ்ட்-ஐடியைப் பிடித்தால் அது மட்டும் ஒதுங்கும். லிஸ்ட்-ஐடி இல்லாவிட்டால், அந்த விளம்பர முகவரியை முழுதாகக் கொடுங்கள், டொமைனை மட்டும் கொடுக்காதீர்கள்.

இனி ஜிமெயிலின் சில குணங்கள். இவை தெரியாமல் எழுதினால் தலைவலிதான்.

ஜிமெயில் ஃபில்டர்களுக்கு முன்பின் என்று வரிசை கிடையாது. ஒரு மெயிலுக்குப் பொருந்துகிற எல்லா ஃபில்டரும் வேலை செய்யும். 'இந்த வியாபாரி முக்கியம், லேபிள் ஒட்டு' என்று ஒன்றும் 'ஆஃபர் வந்தால் டிலீட்' என்று ஒன்றும் இருந்தால், மெயில் லேபிளோடு டிராஷுக்குப் போகும். முதலாவது இரண்டாவதைத் தடுக்காது. விதிவிலக்கு வேண்டுமென்றால் அதே ஃபில்டருக்குள் 'டஸ் நாட் ஹேவ்' கட்டத்தில்தான் சொல்ல வேண்டும்.

டிலீட் என்ற செயலையே நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' போட்டு ஒரு லேபிள் கொடுத்தால் போதும். மெயில் கண்ணில் படாது, தேடினால் கிடைக்கும். டிராஷில் விழுந்தது 30 நாளில் அழிந்துவிடும். உங்கள் விலைப்பட்டியல் அந்தக் கெடுவுக்குள் கண்ணில் பட்டது நல்ல காலம்.

இருபது முகவரிக்கு இருபது ஃபில்டர் தேவையில்லை. நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆர்' போட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் எழுதலாம். எதை எழுதினாலும் முதலில் தேடலாக ஓட்டிப் பாருங்கள். பழைய மெயில்களில் என்னென்ன சிக்குகிறது என்று பார்த்தால், தப்பாகச் சிக்குவது அங்கேயே தெரிந்துவிடும். 'ஆஃபர்' என்று தேடியிருந்தால் அந்தப் பேப்பர் வியாபாரியின் பழைய மெயில்களே முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

இன்னொன்று, 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்'. வாடிக்கையாளர் மெயில் தவறிவிடக் கூடாதென்று பலரும் இதைத் தாராளமாக டிக் செய்கிறார்கள். ஃப்ரம் வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று மேலே பார்த்தோம். வாடிக்கையாளரின் டொமைனுக்கு இதைப் போட்டால் அவர் பெயரில் வரும் போலி மெயிலும் ஸ்பேம் சோதனையைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும். ஓரிரு முழு முகவரிக்குப் போடலாம். ஒரு டொமைனுக்குப் போடாதீர்கள், உங்கள் சொந்த டொமைனுக்குப் போடவே போடாதீர்கள். 'முதலாளி எழுதுகிறேன், அவசரமாக இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு' என்ற மெயில் அந்தப் பெயரில்தான் வரும்.

அச்சகத்தின் மெயிலுக்கு வருவோம். சிபேனலில் 'ஈமெயில் ஃபில்டர்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும், ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக. மொத்த டொமைனுக்கும் சேர்த்து 'குளோபல் ஈமெயில் ஃபில்டர்ஸ்'. இங்கே வரிசை உண்டு, மேலிருந்து கீழே ஓடும். 'ஸ்டாப் புராசஸிங் ரூல்ஸ்' என்ற செயலும் உண்டு, அதைச் சேர்க்காவிட்டால் ஒரு ஃபில்டர் பொருந்திய பிறகும் அடுத்தது ஓடும். பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை. 'எனி ஹெட்டர்' என்ற தேர்வை எடுத்தால் லிஸ்ட்-ஐடி உட்பட எந்த வரியையும் சோதிக்கலாம்.

நான் இங்கே எழுதுகிற வரிசை இப்படிப் போகும். எல்லாவற்றுக்கும் முதலில், தெரிந்த வாடிக்கையாளர், காகிதம், மை, பிளேட் தருகிறவர்கள், ஆடிட்டர். இவர்கள் முகவரி பொருந்தினால் 'ஸ்டாப் புராசஸிங்', வேறொன்றும் செய்ய வேண்டாம். மெயில் நேராக இன்பாக்ஸுக்குப் போகும். உங்கள் பேப்பர் வியாபாரி இதிலேயே தப்பித்திருப்பார். வேண்டியதை முதலில் கரையேற்றிவிட்டால், கீழே எழுதும் விதி கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் நஷ்டமில்லை.

அடுத்தது மதிப்பெண். பெரும்பாலான சிபேனல் சர்வரில் ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டி ஓடுகிறது. அது ஒவ்வொரு மெயிலையும் பல சோதனைகளுக்கு உட்படுத்தி மதிப்பெண் கூட்டும்; வழக்கமாக 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை. சிபேனல் அந்த மதிப்பெண்ணை 'ஸ்பேம் பார்' என்று கூட்டல் குறிகளாகவும் எழுதிவைக்கும், 5 என்றால் ஐந்து குறி. இதை ஃபில்டரில் சோதிக்கலாம். ஐந்து குறிக்கு ஒரு ஃபோல்டர், எட்டு குறிக்கு இன்னொரு ஃபோல்டர் என்று பிரித்துவிடுங்கள், எட்டு குறி விதி மேலே இருக்கட்டும், இரண்டிலும் ஸ்டாப் போடுங்கள். ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் விழுவதுதான் சந்தேகத்துக்குரியது. தினமும் அதை ஒரு பார்வை பார்த்தால் போதும், எட்டுக்கு மேல் போனதை மாதம் ஒரு முறை மொத்தமாகக் காலி செய்யலாம். ஸ்பேம் ஃபில்டர் பக்கத்தில் 'ஆட்டோ டிலீட்' என்று ஒன்று இருக்கும், அது ஆனில் இருந்தால் முதல் வேலையாக ஆஃப் செய்யுங்கள். வாடிக்கையாளர் முகவரிகளை அங்கேயுள்ள ஒயிட்லிஸ்ட்டிலும் சேருங்கள்.

மூன்றாவது விதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்' என்ற ஹெட்டர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. ஒரு மனிதர் உட்கார்ந்து உங்களுக்கென்று எழுதும் மெயிலில் இந்த வரி இருக்காது. விலகும் வசதி கொடுத்து மொத்தமாக அனுப்பும் மெயிலில்தான் இருக்கும். இருந்தால் 'பிறகு படிக்க' என்ற ஃபோல்டருக்குப் போகட்டும். இந்த ஒரே விதி உங்கள் பழைய ஃபில்டர்களில் பெரும்பகுதியின் வேலையைச் செய்துவிடும், அதுவும் இதுவரை எழுதாத நிறுவனங்களுக்கும் சேர்த்து. சில ஆன்லைன் கடைகள் பில்லிலும் டெலிவரி தகவலிலும்கூட இந்த வரியைப் போடுகின்றன. அவை ஒதுங்கிவிடுவதைப் பார்த்தால் அந்த முகவரிகளை முதல் விதியில் சேர்த்துவிடுங்கள். ஜிமெயிலில் இந்த ஹெட்டரைச் சோதிக்க வழியில்லை. 'அன்சப்ஸ்கிரைப்' என்ற ஆங்கிலச் சொல் மெயிலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபில்டர் அதற்கு மாற்று. கொஞ்சம் தளர்வாகப் பிடிக்கும், விதிவிலக்குகள் அதிகம் எழுத வேண்டியிருக்கும்.

உங்கள் டொமைன் பெயரிலேயே வெளியிலிருந்து வரும் போலிக்கும் ஒரு விதி எழுதலாம். ஹெட்டரில் 'ஆத்தென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்' என்ற வரியை உங்கள் சர்வர் சேர்க்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்த்தால், ஃப்ரம் வரியில் உங்கள் டொமைன் இருந்தும் அந்த வரியில் டிமார்க் 'பாஸ்' ஆகாத மெயிலைத் தனி ஃபோல்டரில் போடலாம். ஓர் இடத்தில் மட்டும் கவனம்: உங்கள் வெப்சைட்டில் 'தொடர்புக்கு' படிவம் இருந்தால், அது அனுப்பும் மெயில் உங்கள் டொமைன் பெயரில்தான் வரும், பல நேரம் இந்தச் சோதனையில் தேறாது. புது ஆர்டர் விசாரணையெல்லாம் சந்தேக ஃபோல்டரில் போய்ச் சேரும். படிவத்தின் அனுப்புநர் முகவரியை முன்னதாகவே விலக்கிவையுங்கள்.

'ஃபெயில் வித் மெசேஜ்' என்ற செயலைத் தொடாதீர்கள். ஸ்பேமைத் திருப்பி அனுப்பினால் அவனுக்கு உறைக்கும் என்று தோன்றும். திருப்பியது போய்ச் சேர்வது, அவன் யாருடைய பெயரைத் திருடினானோ அந்த அப்பாவிக்கு.

அச்சக மெயில் முழுவதையும் ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்துவைத்திருந்தால் அதையும் மறுபடி யோசியுங்கள். எஸ்பிஎஃப் என்பது 'இந்த டொமைனின் மெயிலை இன்னின்ன சர்வர்தான் அனுப்பலாம்' என்ற பட்டியல். ஃபார்வர்டு ஆகும்போது அனுப்புவது உங்கள் சர்வர், அது வாடிக்கையாளரின் பட்டியலில் இருக்காது. அதனால் அவர்களுடைய நல்ல மெயிலே சந்தேகத்துக்கு உள்ளாகலாம். அதோடு ஸ்பேமும் உங்கள் சர்வர் வழியாகவே ஜிமெயிலுக்குப் போவதால் கெட்ட பெயர் உங்கள் டொமைனுக்கு.

சில ஹோஸ்டிங்கில் சிவ் என்ற மொழி கிடைக்கும். வெப்மெயிலின் செட்டிங்ஸில் ஃபில்டர் பகுதி இருந்தால் பெரும்பாலும் பின்னால் இருப்பது இதுதான். மெயில் பிரிப்பதற்கென்றே உருவாக்கிய சின்ன மொழி; இன்றைக்குப் புழங்கும் தரம் 2008-ல் வந்தது. ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுழற்சியை வேண்டுமென்றே இதில் விட்டுவிட்டார்கள், அதனால் யாரோ எழுதிய விதி முடிவில்லாமல் ஓடி சர்வரை முடக்க முடியாது. எந்த விதியும் பொருந்தாவிட்டால் மெயில் இன்பாக்ஸில் இருக்கும் என்பது அதன் அடிப்படை, மெயில் காணாமல் போவது கஷ்டம். எனக்கு இதில் பிடித்தது, முகவரியின் டொமைனை மட்டும் பிரித்தெடுத்து அப்படியே ஒப்பிடும் வசதி. 'நம்மபேங்க்.காம் என்ற எழுத்துகள் இருந்தால்' என்று எழுதினால் 'நம்மபேங்க்.காம்.ஏதோஒன்று.இன்ஃபோ' என்ற போலியும் பொருந்திவிடும். டொமைன் முழுதாக இதுவேதானா என்று கேட்டால் பொருந்தாது.  

தமிழில் வரும் விளம்பர மெயிலுக்குச் சொல் வைத்து ஃபில்டர் போட நினைத்தால் ஒரு சங்கடம் இருக்கிறது. ஜிமெயில் சொல்லை முழுசாகத்தான் பொருத்தும், பாதியைப் பொருத்தாது. 'கடன்' என்று எழுதினால் 'கடனுக்கு', 'கடனை', 'கடனுதவி' எதுவும் சிக்காது. நம் சொற்களோ வேற்றுமை உருபு ஒட்டாமல் தனியாக வருவதே குறைவு. சிவ் மொழியில் 'இந்த எழுத்துகள் எங்காவது இருக்கிறதா' என்று கேட்க முடியும், ஆனால் அங்கேயும் 'கடன்' என்று புள்ளியோடு எழுதினால் 'கடனுக்கு' தப்பிவிடும். யூனிகோடில் புள்ளி தனிக் குறி. 'கடனு' என்பதில் அந்த இடத்தில் உகரக் குறி இருக்கிறது. புள்ளியை எடுத்துவிட்டு 'கடன' என்று எழுதினால் எல்லா வடிவமும் பொருந்தும். இன்னொன்று, தமிழ்த் தலைப்பு மெயிலின் மூலத்தில் அப்படியே தமிழாக இருப்பது அரிது, யுடிஎஃப்-8 என்று தொடங்கும் ஒரு குறியீட்டுச் சரமாக மாற்றப்பட்டே வரும். சிவ் அதைப் பிரித்துப் படித்துவிட்டு ஒப்பிடும். பழைய புராக்மெயில் போன்ற மெயில் பிரிக்கும் நிரல்கள் சரத்தை அப்படியே பார்ப்பதால் தமிழ்ச் சொல் அவற்றில் ஒருபோதும் பொருந்தாது. இத்தனை பாடு எதற்கு, லிஸ்ட்-ஐடியைப் பிடியுங்கள் என்பதுதான் என் கட்சி.

இனிமேல் புதிதாக எங்கேயாவது முகவரி கொடுக்க வேண்டி வந்தால், ஆளுக்கொரு முகவரி கொடுங்கள். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு எதை எழுதினாலும் மெயில் உங்களுக்கே வரும். அந்த முகவரிக்கு வந்ததைப் பிரிக்க ஒரு ஃபில்டர். சில தளங்களின் படிவம் கூட்டல் குறியை ஏற்காது. சொந்த டொமைனில் அந்தத் தொல்லை இல்லை, வருவதை உங்கள் பெட்டிக்கே தள்ளிவிடும் தனி ஃபார்வர்டர் முகவரி உண்டாக்கிக்கொள்ளலாம். எந்த முகவரிக்குக் குப்பை வருகிறதோ, முகவரியைக் கசியவிட்டவர் யாரென்று தெரிந்துவிடும். அந்த ஃபார்வர்டரை அழித்தால் விஷயம் முடிந்தது. ஆனால் 'எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்' என்ற கேட்ச்-ஆல் அமைப்பை மட்டும் வைக்காதீர்கள். இன்ஃபோ, சேல்ஸ், அட்மின் என்று ஊகித்து அனுப்பப்படும் குப்பை அத்தனையும் அதில்தான் கொட்டும்.

அச்சகத்தில் யாராவது தண்டர்பேர்டு என்ற கம்ப்யூட்டர் மெயில் நிரலில் மெயில் பார்த்தால், அதில் எழுதும் ஃபில்டர் அந்தக் கம்ப்யூட்டர் திறந்திருக்கும்போது மட்டுமே ஓடும், போனில் எல்லாக் குப்பையும் தெரியும். அவுட்லுக்கிலும் சில விதிகள் இந்த மாதிரிதான். விதியைச் சர்வரில் எழுதுங்கள்.

பழையதை அழிப்பதற்கு முன்னால் ஜிமெயிலின் ஃபில்டர் பக்கத்தில் எல்லாவற்றையும் டிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள், ஒரு கோப்பாக இறங்கிவிடும். பிறகு ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து அழியுங்கள், மொத்தமாக அழிக்க வேண்டாம். ஏனென்றால் அந்தப் பட்டியலில் நீங்கள் எழுதாத ஃபில்டர் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. மெயில் கணக்கைக் கைப்பற்றுகிறவர்கள் உள்ளே வந்ததும் செய்கிற வேலைகளில் ஒன்று ஃபில்டர் போடுவது: 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்று வந்தால் வெளி முகவரிக்கு ஒரு நகல் அனுப்பு, பிறகு படித்ததாகக் குறித்து யாரும் திறக்காத ஒரு ஃபோல்டரில் போடு. பிறகு அந்த இன்வாய்ஸுக்கு உங்கள் பெயரில் வேறு பேங்க் கணக்கு எண்ணோடு வாடிக்கையாளருக்கு மெயில் போகும், அவர் கேட்கும் சந்தேகம் உங்கள் கண்ணில் படாது. நூறு ஃபில்டருக்கு நடுவில் இப்படி ஒன்று ஒளிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. 'ஃபார்வர்டிங்' பக்கத்தையும், சிபேனலில் ஃபார்வர்டர் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் பாஸ்வேர்டை மாற்றி எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். ஃபில்டரை அழிப்பது அதற்குப் பிறகு. முதலில் அழித்தால், உள்ளே இருப்பவன் உடனே இன்னொன்று எழுதிவிடுவான்.